வளவு மாறும் நாய்: திருகோணமலையில் வீட்டு நாய்க்குப் புதுவீடு தேடுதல்

வீட்டில் வளர்ந்த நாயை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவேண்டிய நிலை திருகோணமலையில் ஆண்டின் கடைசி மாதங்களில் அதிகமாக வருகிறது. கிழக்கு மாகாணத்தின் தலைநகரம் இது. மாகாணத் திணைக்களங்கள், மாவட்டச் செயலகம், பாடசாலைகள், கடற்படைத் தளம், சீனன்குடா விமானப்படைத் தளம், துறைமுகத்தை ஒட்டிய மா ஆலை, சீமெந்து ஆலை என்று வெளியூர்க் குடும்பங்கள் வந்து தங்கி வேலை செய்யும் ஊர். அரச சேவையின் வருடாந்த இடமாற்றங்கள் ஜனவரியில் நடைமுறைக்கு வருவதால் நவம்பர், டிசம்பரில் சாமான்கள் பெட்டிக்குள் போகத் தொடங்கும். உவர்மலையிலோ உப்புவெளியிலோ பெரிய வளவோடு வாடகை வீட்டில் இருந்த குடும்பம் கொழும்பில் மாடிவீடு ஒன்றுக்குப் போகிறது. கட்டிலுக்கும் அலுமாரிக்கும் லொறி பேசியாகிவிட்டது, நாயைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. அந்த இரண்டு மாதமும் வடகீழ்ப் பருவமழையின் உச்சம் என்பது நாயின் கெட்ட காலம்.

இடமாற்றம் ஒன்றே காரணமல்ல. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளைகளிடம் போய்ச் சேரும் பெற்றோர், தனியாக இருந்த முதியவர் இறந்தபின் பூட்டப்படும் வீடு, நாய் கூடாது என்று சொல்லும் புதிய வீட்டுக்காரர், குழந்தைக்கு இழுப்பு, அயலவரைக் கடித்துவிட்ட நாய், ஒரே தடவையில் ஏழெட்டுக் குட்டி போட்ட பெட்டை என்று காரணங்கள் பல. கடைசியில் சொன்னதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கைமாறுவது வளர்ந்த நாய். குட்டியை யாரும் கேட்டு வாங்குவார்கள். ஐந்து வயது நாய்க்கு வீடு தேடுவது வேறு வகை வேலை. அதற்கு ஆறிலிருந்து எட்டுக் கிழமை வேண்டும்.

கொண்டுபோய் விடுதல்

நாயைக் கைகழுவும் பழைய வழிக்கு ஊரில் ‘கொண்டுபோய் விடுறது’ என்று பெயர். சாக்கில் கட்டியோ ஆட்டோவில் ஏற்றியோ கொண்டுபோய் மீன் சந்தையடியில், கோயில் வாசலில், நிலாவெளிப் பக்கக் கடற்கரையில், கன்னியா வீதியின் பற்றைக்காட்டோரத்தில் இறக்கிவிட்டுத் திரும்புவது. சந்தையில் மீன்தலை கிடைக்கும், கோயிலில் சோறு கிடைக்கும், எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். பிழைப்பது அரிது. சந்தை நாய்களுக்கு எல்லையும் கூட்டமும் உண்டு. புதிதாக வந்து நிற்கும் நாயை அவை முதல் இரவே கடித்து விரட்டும். நேரத்துக்குச் சோறு வைத்துப் பழக்கிய நாய்க்குக் குப்பை கிண்டத் தெரியாது. இறக்கிவிட்ட இடத்திலேயே வாகனம் போன திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பிறகு வீதிக்கு ஏறும்.

கடற்கரையைத் தேர்ந்தெடுப்பவர்கள் காலத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் உல்லாசப் பயணிகள் நிறைவது ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை. அந்த மாதங்களில் மேற்குக் கரையிலிருந்து பருவகால மீனவர்களும் வந்து வாடி அடித்துத் தங்குவார்கள். உணவகத்து மிச்சமும் வாடியில் கழித்துப்போடும் மீனுமாகக் கரை நாய்களுக்கு அது நல்ல காலம். மழை பிடித்தவுடன் பயணிகள் குறைந்து கடைகள் பூட்டப்படும், வாடிகள் கலையும். டிசம்பரில் கடற்கரையில் விடப்படும் நாய், ஏற்கெனவே அங்கே பட்டினி கிடக்கும் நாய்களோடு சண்டைக்குப் போகிறது. பிரெட்ரிக் கோட்டையைச் சுற்றி விடுவது இன்னும் மோசம். அங்கே திரியும் புள்ளிமான்கள் காட்டு மான்களின் அச்சத்தை இழந்தவை; நாய்க்கூட்டம் துரத்தும்போது முதலில் அகப்படுவது அவற்றின் குட்டிகள்.

விட்ட நாய் திரும்பி வருவதும் உண்டு. நாய் வழி கண்டுபிடிப்பது எப்படி என்று செக் நாட்டு ஆய்வாளர்கள் 27 வேட்டை நாய்களின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவி பூட்டிப் பார்த்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மோப்பம் பிடித்து வந்த வழியே திரும்பாமல் புது வழியில் திரும்பிய நாய்களில் பல, முதலில் ஏறத்தாழ 20 மீற்றர் தூரம் வடக்குத் தெற்காக ஓடிப்பார்த்துவிட்டே எஜமான் நின்ற திசைக்குத் திரும்பின. பூமியின் காந்தப்புலத்தை அவை உணர்கின்றன என்பது ஆய்வாளர்களின் ஊகம். சாம்பல்தீவில் விட்ட நாய் மூன்றாம் நாள் உவர்மலைப் படலையில் நின்றால் அதிசயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழியெல்லாம் பஸ்ஸும் லொறியும் ஓடும் வீதி, வந்து சேர்ந்த வீட்டில் இருப்பவர்களோ வேறு ஆட்கள்.

நாயைப் பிரிந்து போவது இந்தத் துறைமுகத்துக்குப் புதிதல்ல. 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்ட காலத்தில், இங்கே வளர்த்த நாயை ஊருக்குக் கொண்டுபோக விரும்பிய ஆங்கிலேயர் எவரும் அதை அங்கே 6 மாதம் தனிமைப்படுத்தல் கூட்டில் விடவேண்டியிருந்தது. பிரித்தானியா அந்த விதியைத் தளர்த்தியது 2000இல்தான். அதைவிடக் கொடிய பிரிவு இந்த மண்ணின் மக்களுக்கு நேர்ந்தது. 2006 ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் நடந்த விமானத் தாக்குதல்களோடும் ஆகஸ்டில் மூதூரில் மூண்ட சண்டையோடும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. கட்டியிருந்த நாயை அவிழ்த்துவிட நேரம் கிடைத்திருந்தால் அதுவே பெரிது. சம்பூர் மக்கள் தங்கள் காணிக்குத் திரும்பியது 2015, 2016 ஆண்டுகளில். ஒரு நாட்டு நாயின் ஆயுளில் பெரும்பகுதி அது. அப்படி ஓடியவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. இடமாற்றக் கடிதமோ விசாவோ கையில் வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு, லொறி வாசலில் வந்து நிற்கும்போது நாயை யாரிடமாவது தள்ளிவிடுவது அந்த வகையில் சேராது.

சட்டம் சொல்வது

இலங்கையில் நாய் வளர்ப்பைத் தொடும் சட்டங்கள் வயதானவை. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டுக்குரியது. நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901இல் வந்தது. அதன்படி நாய் வளர்ப்பவர் உள்ளூராட்சி மன்றத்தில் ஆண்டுதோறும் நாயைப் பதிய வேண்டும். விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907க்குரியது, அதில் எழுதியுள்ள உச்சத் தண்டம் 100 ரூபாய். அன்றைக்கு அது பெரிய தொகை. இன்றைக்கு ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்கும் போதாது. இதற்குப் பதிலாக விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. அது ஆண்டுக்கணக்கில் மேசைக்கு மேசை போய்க்கொண்டிருந்தது.

அதே 2006இல் இன்னொரு மாற்றம் நடந்தது. கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. கொல்வதற்குப் பதிலாகத் தடுப்பூசியும் கருத்தடையும் என்பது கொள்கையாயிற்று. நல்ல முடிவுதான். அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். நாய் பிடிக்கும் வண்டி வராத ஊரில், கைவிடப்பட்ட நாய் கண்ணெதிரே வீதியிலேயே கிடந்து அழியும். அதற்கு முன் ஓர் ஈற்றோ இரண்டு ஈற்றோ குட்டியும் போட்டுவிடும். பதிவுச் சட்டம் பழையதாக இருந்தாலும் அதனால் ஒரு பயன் உண்டு. நாய் யாருடையது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இருக்கும். நாய் கைமாறும்போது பதிவையும் புதியவர் பெயரில் அவருடைய மன்றத்தில் எடுத்துக்கொள்ளச் சொல்லவேண்டும்.

தடுப்பூசி அட்டை

வீடு தேடத் தொடங்குமுன் போகவேண்டிய இடம் மிருக வைத்தியர். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாயையும் அங்கே காட்டலாம். விசர்நோய்த் தடுப்பூசியைச் சுகாதாரத் துறை இலவசமாகப் போடுகிறது. எந்த நாளில் எந்தக் கிராமத்தில் என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு அறியலாம். ஊசி போட்டபின் கிடைக்கும் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து நாயோடு சேர்த்துக் கொடுக்கவேண்டும். அட்டை இல்லாமல் வரும் வளர்ந்த நாயைப் பொறுப்புள்ள எந்தக் குடும்பமும் ஏற்கத் தயங்கும், தயங்கவும் வேண்டும்.

காரணம், விசர் இந்த நாட்டின் மறந்துபோன நோய் அல்ல. 1973இல் இலங்கையில் 377 பேர் விசர்நோயால் இறந்தார்கள். நாய்களுக்குப் பரவலாக ஊசி போடத் தொடங்கியதாலும் கடிபட்டவர்களுக்கு மருந்து கிடைத்ததாலும் அண்மைக்கால மரணங்கள் ஆண்டுக்கு 20க்கும் 30க்கும் இடையில் நிற்கின்றன. ஒரு பகுதியின் நாய்களில் 70 வீதமாவது ஊசி போட்டவையாக இருந்தால் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாயால் பரவும் விசரால் ஒருவரும் இறக்கக்கூடாது என்று உலக நாடுகள் குறித்துக்கொண்ட ஆண்டு 2030. ஊசி போட்ட வீட்டு நாய் ஒன்று வீதிக்குத் தள்ளப்பட்டால் அடுத்த ஆண்டு அதற்கு ஊசி கிடைக்காது. எழுபது வீதத்திலிருந்து ஒரு தலை குறைகிறது.

விசர் ஊசியோடு பார்வோ, டிஸ்டெம்பர் ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்கவேண்டும். மழைக்காலத்தில் இடம் மாறும் குட்டிகளைப் பார்வோ இரண்டு நாளில் கொண்டுபோய்விடும். உண்ணிக் காய்ச்சல் இன்னொன்று. நாய் சோர்ந்து, முரசு வெளுத்து, சாப்பாட்டை விட்டால் புது வீட்டுக்கு ஏங்குகிறது என்று எண்ணிச் சும்மா இருந்துவிடுவார்கள். உண்மையில் அது பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்ச்சலாக இருக்கும். கொடுப்பதற்கு முன்பே உண்ணி மருந்தும் பூச்சி மருந்தும் கொடுத்து, தேவையென்றால் இரத்தம் பார்த்து முடிப்பது நல்லது.

பெட்டை நாயென்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சை கட்டாயம் என்றே சொல்லலாம். பெட்டை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், 63 நாளில் ஈனும். ‘கடுவன் என்றால் தாங்கோ, பெட்டை வேண்டாம்’ என்று ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கும் பேச்சுக்கு இதுதான் காரணம். கொண்டுபோய் விடப்படும் குட்டிகளில் பெட்டைக்குட்டிகளே அதிகம் என்பதற்கும் இதுதான். சத்திரசிகிச்சை செய்த பெட்டைக்கு இந்தத் தடை இல்லை. நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையைச் சென்னையின் புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆகிவிட்டது. காயம் ஆறப் பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும் என்பதால், வீடு மாறும் கிழமையில் இதைச் செய்யக்கூடாது. ஆறு கிழமைக்கு முன்பே செய்து முடித்து, தையல் ஆறிய நாயாகக் கொடுக்கவேண்டும்.

யார் கேட்கிறார்கள்

நாய் கொடுக்க இருக்கிறது என்ற செய்தி முகநூலில் போட்ட அன்றே நாலு பேராவது தொடர்புகொள்வார்கள். அவர்களில் முதலாவதாகக் கேட்டவருக்குக் கொடுப்பதுதான் மிகப் பொதுவான பிழை. கேட்பவரின் நல்ல குணம் ஒரு பக்கம் இருக்கட்டும்; நாய் வாழப்போவது அவருடைய வளவில். ஆளை விசாரிப்பதைவிட வளவை விசாரிப்பது பயன் தரும்.

‘காவலுக்கு ஒரு நாய் வேணும்’ என்பது அதிகம் வரும் கோரிக்கை. அதில் தப்பில்லை. ஆனால் எதற்குக் காவல் என்று கேட்கவேண்டும். ஆட்கள் குடியிருக்கும் வீட்டுக்கா, கடைக்கா, கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்துக்கா, வெறுங்காணிக்கா? வெறுங்காணிக் காவலுக்குப் போகும் நாயின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு மரத்தடி, ஒரு சங்கிலி, நாளுக்கு ஒருமுறை சைக்கிளில் வந்து சோறு வைத்துவிட்டுப் போகும் ஒருவர், அவர் வராத நாளில் பட்டினி. குடும்பத்தோடு வாழ்ந்த நாய் அங்கே சில மாதத்தில் யாரையும் கிட்ட விடாத நாயாகிவிடும். ‘சாதி நாய்’ என்று கேட்டு, கருத்தடை செய்யாத பெட்டை அல்சேஷனோ லாப்ரடோரோ தான் வேண்டும் என்று வற்புறுத்துபவர் குட்டி விற்க நினைக்கிறார். அவரையும் தவிர்க்கலாம். பிள்ளையின் பிறந்தநாளுக்கு நாய் கேட்பவர் வீட்டில், சோறு வைக்கப்போவது யார் என்று அம்மாவிடம் கேட்டால் உண்மை வெளிவரும்.

எல்லாக் கேள்வியிலும் கூர்மையானது ஒன்று உண்டு: முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று? வயதுபோய்ச் செத்தது என்றால் அந்த வீட்டுக்கு நாய் வளர்க்கத் தெரியும். காணாமல் போனது என்றால் படலை பூட்டுவதில்லை. வாகனத்தில் அடிபட்டது என்று இரண்டு நாய்க்குச் சொன்னால் வேலியில் ஓட்டை இருக்கிறது. யாரிடமோ கொடுத்துவிட்டோம் என்றால் இந்த நாயும் கொடுக்கப்படும்.

வளவை நேரில் போய்ப் பார்க்காமல் நாயை அனுப்பக்கூடாது. மதிலோ வேலியோ நாயின் உயரத்துக்குப் போதுமா, கீழே தோண்டி வெளியேற வழி உண்டா, படலை தானாகச் சாத்துமா, மழைக்கு ஒதுங்க இடம் உண்டா என்பவை கண்ணால் பார்த்தே தெரிபவை. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலையின் வெயில் 35 பாகையைத் தாண்டும். நிழலும் குடிக்கத் தண்ணீரும் வேலியைவிட முக்கியம். பொமரேனியன் போன்ற அடர்ந்த மயிர் நாய்க்குத் தகரக் கூரை போட்ட கூடு அடுப்புத்தான். அயல்வீட்டாரிடமும் ஒரு வார்த்தை பேசலாம். குரைப்பைப் பொறுக்காத அயலவர் இருந்தால் பிறகு நஞ்சு வைக்கப்படுவது நாய்க்குத்தான்.

ஊருக்கு ஊர் வேறு

மாவட்டத்துக்குள்ளேயே ஓரிடத்தின் பாதுகாப்பு இன்னோரிடத்தில் இல்லை. பட்டணமும் சூழலும் பிரதேசத்துக்குள் காணிகள் சிறியன. மதில் இருக்கும், அதைத் தாண்டியவுடன் வீதி. மிருக வைத்தியர் கிட்ட இருப்பது அங்கே அனுகூலம். கொட்டியாரக் குடாவின் மறுகரையில் சேனையூர், கட்டைபறிச்சான், சம்பூர்ப் பக்கம் வளவுகள் பெரியவை, வாகனம் குறைவு, வீட்டுக்கு வீடு நாய் உண்டு. முன்பு தோணியையும் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகையும் நம்பியிருந்த பயணம், 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபின் இலகுவாயிற்று. நாயைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாம். மகாவலி கடலில் விழும் பகுதியில் நீரோரமாக இருக்கும் வளவென்றால் முதலையை மறக்கக்கூடாது. தண்ணீர் குடிக்க இறங்கும் நாய் அதற்கு எளிய இரை.

கிண்ணியா, மூதூர், புல்மோட்டை முதலிய முஸ்லிம் ஊர்களில் வீட்டு நாய்க்கு இடம் கிடைப்பது குறைவு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்து, கழுவவேண்டும். தொழுகை நடக்கும் வீட்டுக்குள் நாய் வளர்ப்பது அதனால் வழக்கமில்லை. மந்தைக்கும் பயிருக்கும் காவலாக நாய் வைத்திருக்க அதே மார்க்கம் இடம் தருகிறது. மாட்டுப் பட்டியில் வேலை தெரிந்த நாய்க்கு அது நல்ல இடமாகவும் அமையலாம். மடியில் படுத்துப் பழகிய நாயை அங்கே கொடுப்பது இரு தரப்புக்கும் சங்கடம்.

தம்பலகாமம், கந்தளாய் வயல்களும் மொறவெவ, கோமரங்கடவலப் பக்கக் காட்டோரக் கிராமங்களும் படத்தில் பார்க்க நாய்க்குச் சொர்க்கம்போல இருக்கும். அங்கே ஆபத்து வேறு. காட்டுப்பன்றிக்கு வைக்கும் கம்பிச் சுருக்கில் நாயும் மாட்டும். தீனிக்குள் வெடிமருந்து வைத்துப் புதைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ யானையின் வாயைக் கிழிப்பதுபோலவே அதைக் கவ்வும் நாயின் தாடையையும் கிழிக்கும். யானை கண்டால் குரைத்துத் துரத்தி, அது திருப்பித் துரத்தும்போது எஜமானிடமே ஓடிவருவது பழக்கமில்லாத பட்டண நாயின் இயல்பு. காடு தெரிந்த குடும்பம், இரவில் நாயைக் கட்டும் குடும்பம் என்றால் கொடுக்கலாம்.

சிங்களக் குடும்பத்துக்குக் கொடுத்தால் பேச்சு புரியுமா என்று கவலைப்படுவோரும் உண்டு. நாய் இரண்டு மூன்று கிழமையில் புதுச் சொற்களைப் பிடித்துவிடும். தமிழ் வீடுகளிலும் நாயோடு மட்டும் ‘கம்’, ‘சிட்’, ‘கோ’ என்று இங்கிலீஷ் பேசும் வழக்கம் இருப்பதால் பல நாய்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. நாய்க்குத் தெரிந்த சொற்கள், சோறு வைக்கும் நேரம், மீன்முள் பழக்கமா இல்லையா, எதற்குப் பயப்படும், குளிக்க வைக்கும்போது கடிக்குமா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது புதியவருக்குப் பெரிய உதவி. குறைகளை மறைப்பதால் நாய் திரும்பி வரும், இல்லாவிட்டால் இன்னொரு கைக்குப் போகும்.

கடித்த நாயைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஒருவரைக் கடித்த நாயைக் கொல்லாமலும் வெளியே விடாமலும் 14 நாள் கட்டி வைத்துக் கவனிக்கச் சொல்வது இலங்கையின் நடைமுறை. அந்த நாட்களில் நாய் நோயின்றி இருந்தால் கடித்தபோது அதன் உமிழ்நீரில் விசர்க் கிருமி இருக்கவில்லை என்று கொள்ளலாம். கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நாயின் அட்டை எப்படியிருந்தாலும், வைத்தியசாலைக்குப் போகவேண்டும். கவனிப்புக் காலம் முடியுமுன் அந்த நாயை வேறு ஊருக்கு அனுப்பினால் வைத்தியருக்குத் தேவையான ஒரே சாட்சியை அனுப்பியதாகிவிடும். அது முடிந்தபின்னும், கடித்ததைச் சொல்லியே கொடுக்கவேண்டும், சிறு பிள்ளைகள் இல்லாத வீடாகப் பார்த்து.

பயணமும் முதல் கிழமைகளும்

கொழும்புக்கோ கண்டிக்கோ நாயை அனுப்புவதென்றால் வீதிவழி நீண்டது. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர். விடியற்காலையிலோ இரவிலோ புறப்படுவது நல்லது. புறப்பட ஐந்தாறு மணித்தியாலத்துக்கு முன்பிருந்து சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டும். ஹபரணையில் தேநீர் குடிக்க இறங்கும்போது நாயைப் பூட்டிய வாகனத்தில் விட்டுப் போவதுதான் பெரிய ஆபத்து. வெளியில் 35 பாகை என்றால் உள்ளே அரை மணித்தியாலத்தில் 50 பாகையைத் தாண்டும். நாய்க்கு மனிதரைப்போல உடலெல்லாம் வியர்க்காது, இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். உடல்வெப்பம் 41 பாகையைக் கடந்தால் உயிர் தப்புவது கடினம்.

புது வீட்டில் முதல் மூன்று நாள் நாய் ஒதுங்கியிருக்கும், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும். மூன்று கிழமையில் வீட்டு நேரங்கள் பழகும். மூன்று மாதத்தில் வீடு தன்னுடையது என்று எண்ணத் தொடங்கும். இது விலங்குக் காப்பகங்கள் சொல்லும் அனுபவக் கணக்கு, நாய்க்கு நாய் மாறும். தப்பி ஓடும் ஆபத்து முதல் மூன்று கிழமைகளில்தான் மிக அதிகம். அந்தக் காலத்தில் படலைக்கு வெளியே சங்கிலியில்லாமல் விடவே கூடாது. கழுத்துப்பட்டியில் புதியவரின் கைப்பேசி இலக்கம் எழுதியிருக்கவேண்டும். தீபாவளி, புதுவருடம், கோயில் திருவிழா என்று சீனவெடி கொளுத்தும் நாட்களை ஒட்டிக் கைமாற்றுவது வேண்டாத வேலை. வெடிக்குப் பயந்து ஓடும் நாய்க்குப் புது ஊரில் திரும்பி வரும் வழி தெரியாது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி புரேவி புயல் கரை கடந்தது திரியாய், குச்சவெளிப் பக்கம்தான். புயல் எச்சரிக்கை உள்ள கிழமையிலும் நாயை நகர்த்தாமல் பொறுத்திருக்கலாம். பழைய குடும்பத்தின் மணமுள்ள ஒரு சாரமோ சாக்கோ கூடப்போனால் முதல் இரவுகள் எளிதாகும். பழையவர்கள் முதல் மாதம் நேரில் போய்ப் பார்க்காமல் தொலைபேசியில் விசாரிப்பது நாய்க்கு நல்லது. பார்த்துவிட்டுத் திரும்பினால் அது மறுபடியும் படலையில் காத்திருக்கத் தொடங்கும்.

வெளிநாடு போகும் குடும்பம் நாயையும் கொண்டுபோகலாமா என்று முதலிலேயே விசாரிப்பது நல்லது. பிரித்தானியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் இலங்கையிலிருந்து போகும் நாய்க்கு முதலில் மைக்ரோசிப் பதிக்கவேண்டும், பிறகு விசர் ஊசி, அது போட்டு 30 நாளின் பின் எடுக்கும் இரத்தத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் சோதித்து எதிர்ப்புச் சக்தி போதுமானது என்ற முடிவு, இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதக் காத்திருப்பு. ஒழுங்காகச் செய்தால் நாலு மாதமாவது பிடிக்கும். அவுஸ்திரேலியா இலங்கையிலிருந்து நாயை நேரடியாக ஏற்பதில்லை. அனுமதித்த இன்னொரு நாட்டின் வழியாகவே போகமுடியும். விமானக் கூலியும் பரிசோதனைச் செலவும் சேர்ந்தால் தொகை பெரிது. பெரும்பாலான குடும்பங்களுக்கு ஊரில் நல்ல வீடு தேடுவதே நடக்கக்கூடிய வழி.

கொடுக்கும்போது ஒரு வாக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும்: வைத்திருக்க முடியாமல் போனால் வேறு யாரிடமும் தள்ளாமல் எங்களுக்குச் சொல்லுங்கள். கொடுத்தவர் வெளிநாட்டில் இருந்தாலும் ஊரில் உள்ள ஓர் உறவினரின் பெயரை அதற்குச் சொல்லி வைக்கலாம். மனத்தாங்கல் வரும் என்று எண்ணிப் பலர் இதைச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் எடுத்துக்கொள்பவருக்கும் அது ஒரு தைரியம்.

எத்தனை தேடினாலும் வீடு கிடைக்காத நாய்கள் உண்டு. பன்னிரண்டு வயதுக் குருட்டு நாயை யாரும் கேட்கமாட்டார்கள். அப்படிப்பட்டதை இடம் மாற்றாமல், அதே வளவில் அயலவர் ஒருவருக்கு மாதாந்தம் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்வது, அல்லது நாய்க்குத் தெரிந்த உறவினர் வீட்டில் விடுவது நடைமுறையில் பலர் செய்வது. புது வீடு ஒன்றைவிட அறிமுகமான கையே கிழட்டு நாய்க்குத் தேவை. தீராத நோயும் வேதனையும் உள்ள நாய்க்கும், திரும்பத் திரும்பக் கடிக்கும் நாய்க்கும், மிருக வைத்தியர் மயக்கி ஊசி போட்டு முடிப்பது ஒரு வழி. அதை வைத்தியர் பரிசோதித்துச் சொன்னபின், குடும்பத்தில் ஒருவர் கூட இருந்து செய்யவேண்டும். லொறி வரும் நாளுக்கு வசதி என்பது அதற்குப் போதிய காரணம் அல்ல.